சத்தம் வீடு சந்திக்க வந்தது

ஜெபமாலை மாதத்தின் முதல் நாள், கோவிலில் மூவேளை மணி அடித்து ஓய்ந்து, உப்பளத்துப் பக்கமிருந்து இருட்டு வந்து கித்தேரியம்மாள் தெருவை மூடி அரைமணி நேரம் ஆன பிறகு, ஜெசிந்தா அக்கா வீட்டு முன்னறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஆளுயர மரப் பீரோ ஒன்றை யாரோ உள்ளங்கையால் அறைந்துகொண்டே ஓடுகிற மாதிரி தப்தடக், தப்தடக் என்று அடியில் ஒன்று. அதன் மேல், இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டிச் சுண்டி விடுகிற மாதிரி ஒன்று. அதற்கும் மேல், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி ஒன்று. எல்லாவற்றுக்கும் உச்சியில், மத்தியான வெயிலில் வெறுங்காலோடு மணலில் மாட்டிக்கொண்ட ஒருவன் கால் மாற்றிக் கால் மாற்றி, ஆனால் வெகு சந்தோஷமாக, இங்கிலீஷில் கத்துகிற மாதிரி ஒன்று.

அன்றைக்கு மாதா சொரூபம் முதல் வீடாக அங்கேதான் வந்திருந்தது. அக்டோபர் முழுக்க ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மாதாவை மெழுகுவத்தியோடு அழைத்துப் போய், அந்த வீட்டில் ஜெபமாலை சொல்லி, சுண்டல் தின்று கலைவது எங்கள் தெரு வழக்கம். இருபது பேர் முழங்காலில் இருந்தோம். டிவிக்குத் துணி போர்த்தியிருந்தது. ரேடியோ அந்த வீட்டில் இல்லை. ஜெசிந்தா அக்காவின் வீட்டுக்காரர் மச்சாது அண்ணன், உப்பு லாரி ஓட்டுகிறவர், எழுந்து போய் டார்ச் அடித்து ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் பார்த்தார், கடைசியில் அரிசி டின்னைத் திறந்து காதை வைத்துப் பார்த்தார்.

"டின்னுக்குள்ளயும் கேக்கு, வெளியயும் கேக்கு" என்றார்.

"மொதல்ல முழங்கால் போடும். ஜெபம் முடியட்டும்" என்றாள் அக்கா.

ஜெபம் சீக்கிரமே முடிந்தது. ஜெபமாலையின் முதல் பத்து மணிகளில் நாங்கள் சத்தத்தோடு மல்லுக்கட்டினோம், இரண்டாம் பத்தில் தோற்றோம், மூன்றாம் பத்தில் 'அருள் நிறைந்த மரியே' தப்தடக்கின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வழக்கமாக அரைமணி பிடிக்கிற ஜெபமாலை பதினோரு நிமிடத்தில் முடிந்து, எல்லோரும் வேர்த்துப்போய், சந்தோஷமாக, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் சுண்டலுக்குக் கை நீட்டினோம்.

அது எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் மூன்று பேர். துறைமுகத்தில் இறக்கிய ஏதோ பெட்டியிலிருந்து தப்பி வந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார், மற்ற இருவரும் இருக்கும் என்றார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஏனென்றால் மறுநாள் சாயங்காலம் மாதாவை இரண்டாவது வீட்டுக்கு எடுத்துப் போனபோது, சத்தமும் வாசலைத் தாண்டி, கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே நடந்து போய்விட்டது, அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி அது எங்கிருந்து வந்தது என்பதல்ல, அதற்கு யார் என்ன செய்து போடுவது என்பதுதான்.

இரண்டாவது வீடு பவுலின் சித்தியுடையது. சித்தியும் அவள் புருஷன் ரொசாரி சித்தப்பாவும், ஒரு புதுநன்மை விருந்தில் ஆட்டுக்கறியில் உப்பு இருந்ததா இல்லையா என்று தொடங்கி, ஒன்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்கள். தண்ணீர் வேண்டுமென்றால் சித்தப்பா டம்ளரால் மேஜையில் தட்டுவார், சித்தி கொண்டுவந்து வைப்பாள். அன்றைக்குத் தட்டினார், கேட்கவில்லை. மறுபடி தட்டினார். பிறகு, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, "தண்ணி" என்று கத்தினார். "தண்ணி வேணும்னா வாயத் தெறந்து கேக்கணும்" என்று சித்தி கத்தினாள். "தெறந்துதான கேக்கேன்" என்று அவர் கத்தினார். இருவரும் பேசிவிட்டோம் என்று தெரிந்துகொள்வதற்குள், அந்தக் கறியில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான் என்று சித்தி ஒத்துக்கொண்டுவிட்டாள்.

சத்தம் தங்கிப் போன வீடுகளை விடிந்ததும் அடையாளம் தெரிந்தது. அந்த வீட்டு ஆம்பிளைகளின் முன்தலை முடி, கரையில் உடைவதற்கு முந்தின அலை மாதிரி, எண்ணெய் இல்லாமல் தண்ணீர் இல்லாமல் தானாக எழும்பி நின்றது. நாற்பது வருஷமாகத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரிய மச்சாது அண்ணன் தலையில் ஒரு சாண் அலை எழும்பியது, அவர் லாரிக் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டி, ஒரு சுமைதாங்கிக் கல்லில் மோதப் போய்த் தப்பினார். பொம்பளைகளின் நைட்டி காற்றே இல்லாமல் குடை மாதிரி விரிந்தது. இட்லி வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கூட உப்பியது. யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. இட்லித் தட்டு போதவில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

முதல் நாள் ஒரு சின்ன இழவும் விழுந்தது. ஆறு பாட்டு முடிந்ததும் சத்தம் சட்டென்று நின்றுபோய், மண்ணெண்ணெய் அடுப்பு மாதிரி ஒரு லேசான இரைச்சல் மட்டும் மிச்சமிருந்தது. போய்விட்டது, பாவம், என்று எல்லோரும் சொன்னோம். ஜெசிந்தா அக்கா ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை ஊற்றி, வெந்த தோசையைத் திருப்பிப் போட்ட அதே நொடியில் ஏழாவது பாட்டு தொடங்கியது. அதற்குப் பிறகு பதினோராவது பாட்டு முடிந்து மறுபடி நின்றது, மறுபடி தோசையைத் திருப்பினாள், மறுபடி முதல் பாட்டு வந்தது. பாயைத் திருப்பினாலும் வந்தது, மீனைத் திருப்பினாலும் வந்தது. எனக்கு மட்டும் காரணம் தெரிந்தது, கான்வென்டில் சங்கீத அறையில் கறுப்பு இசைத்தட்டு ஒன்று இருந்தது.

"இது தட்டுல இருந்து வந்த சத்தம் அக்கா. தட்டுக்கு ரெண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் முடிஞ்சா திருப்பணும்."

"அதத்தான நான் செஞ்சேன்" என்றாள் அக்கா, தோசைக் கரண்டியைக் காட்டி.

ஆனாலும் அன்றிலிருந்து சத்தத்தைப் பற்றிய சந்தேகங்களுக்கெல்லாம் தெரு என் வீட்டு வாசலுக்கு வந்தது. பங்குச் சாமி வலேரியன் விசாரிக்க வந்தபோதும் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினார். அன்றைக்குச் சத்தம் இருந்த வீட்டின் முன்னறையில் சாமி பிளாஸ்டிக் நாற்காலியில் தீர்த்த பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். அவர் தலையில் மொத்தம் பதினோரு முடி, பதினொன்றும் நின்றது. அங்கிக்குக் கீழே வலது கால் அதுபாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"செலின், நீ கான்வென்ட்ல படிச்ச பிள்ள. இவன் என்ன சொல்லுதான்னு கேட்டுச் சொல்லு. சாத்தான் கீத்தான் வாரானா?"

நான் வாசலிலேயே நின்று கேட்டேன். "இல்ல சாமி. ஒரு கார் வருது."

"காரா?"

"பிரேக் இல்லாத கார். காதலி வீட்டு முன்னால நிப்பாட்ட முடியல. அதனால தினமும் கையாட்டிக்கிட்டே போயிடுதான்."

"இதுல பாவம் ஏதும் உண்டா?"

"பிரேக் இல்லாம ஓட்டுறது தப்புதான் சாமி."

சாமி யோசித்தார். "அது போலீஸ் பாக்க வேண்டியது. அடுத்தது?"

"சீப்பைத் தொலைச்சிட்டான். ஊரே தேடுது."

"பாவம்" என்றார் மச்சாது அண்ணன், தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

"அஞ்சாவது பாட்டுல என்னமோ கெட்ட வார்த்த மாதிரி இருக்கே?"

"அதுல வார்த்தையே இல்ல சாமி. சும்மா ஊளையிடுதான்."

"ஊளைக்குத் தடை ஒண்ணும் இல்ல" என்று சாமி தீர்த்த பாட்டிலை மூடினார். போகும்போது என் இடுப்பைப் பார்த்தார். இடுப்பில் என் மகன் ஆல்வின் இருந்தான், அவனுடைய ஒரு காது என் மார்போடு அழுந்தியிருந்தது, மறு காதை என் உள்ளங்கை மூடியிருந்தது. "நல்ல அம்மா. பச்சப் பிள்ளைக்கு இந்தச் சத்தம் ஆகாதுல்லா" என்றார்.

நான் ஆமாம் என்றேன்.

இனி நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்ல வேண்டும். ஆல்வின் பிறந்த மூன்றாம் நாள், காதில் ஒரு சின்னக் குழாயை வைத்துப் பார்த்த நர்ஸ், மெஷின் சரியாகக் காட்டவில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி கொண்டுவாருங்கள் என்று ஒரு சீட்டு எழுதித் தந்தாள். மூன்று மாதம் முடிந்தது, நான்கும் முடிந்தது, நான் போகவில்லை. கதவு அறைந்தால் அவன் திடுக்கிடவில்லை, தூக்கம் என்று சொல்லிக்கொண்டேன். எதிர்வீட்டுக் கல்யாணத்தில் ஆயிரம் வாலா வெடித்தபோது அவன் என் வளையலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், தைரியமான பிள்ளை என்று சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கிளமென்ட் சரக்குக் கப்பலில் ஃபிட்டர், சனிக்கிழமை தோறும் எந்தத் துறைமுகத்திலிருந்தாவது கூப்பிடுவார். "பேரு சொன்னா திரும்புதானா?" என்று கேட்பார். "திரும்புதான்" என்பேன். நான் அவன் முகத்துக்கு நேரே போய் நின்றுதான் பேர் சொல்வேன், பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ சொல்லிப் பார்க்கிற தைரியம் எனக்கு ஒரு நாளும் வரவில்லை. அந்தச் சத்தம் என் வீட்டுக்குள் வந்து, அதற்கும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ள என்னிடம் ஒரு சாக்கும் மிச்சமிருக்காது.

என் வீடு பதினேழாவது. அக்டோபர் பதினேழாம் தேதி மதியமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புன்னக்காயலில் இருக்கிற என் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். மாதாவும் சத்தமும் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் பதினெட்டாவது வீட்டுக்குப் போனார்கள். மாதாவையே திருப்பி அனுப்பினவள் என்று தெரு பேசியது.

மாதம் முடிந்து சொரூபம் கோவிலுக்குத் திரும்பியது, சத்தம் திரும்பவில்லை. அதற்கென்று தனியாக ஒரு முறை எழுத வேண்டியதாயிற்று. எங்கள் தெருக் குடும்பங்களின் ஜெபக் குழுவான அன்பியத்துக்குத் தலைவி ஜெசிந்தா அக்காதான். அன்பிய நோட்டில் 'மாதா' என்று எழுதியிருந்த இடத்தில் 'சத்தம்' என்று திருத்தி, அதே முறையை மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். சாயங்காலம் ஆறு மணிக்கு முறைக்காரர் வீட்டுக் கதவு மட்டும் திறந்திருக்க வேண்டும், மற்ற எல்லாக் கதவும் மூடியிருக்க வேண்டும், சத்தம் திறந்த கதவைப் பார்த்துப் போய்விடும். வாசலில் ஒரு மெழுகுவத்தி. சுண்டல் அவரவர் வசதி. சத்தம் இருக்கிற வீட்டில் சண்டை போடலாம், ஆனால் ரகசியம் பேசக் கூடாது, எப்படியும் கேட்காது. இரண்டாம் சுற்றில் என் முறை வந்தபோது பிள்ளைக்குச் சளி என்றேன்.

"கான்வென்ட்காரிக்கு இங்கிலீஷ் பாட்டுன்னா மட்டும் ஆகல பாரேன்" என்றாள் பவுலின் சித்தி குழாயடியில்.

"வீட்டுல பூனை நடந்தாலே ஷ்ஷுன்னு சொல்லுவா. புள்ளையும் அப்படியே வளந்திருக்கு, ஒரு சிணுக்கம் உண்டா?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

நவம்பர் கடைசியில் சாமி பூசையில் அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குகிறது, கிறிஸ்து பிறக்கும் வரை தெரு அமைதி காக்க வேண்டும், ஆகையால் சனிக்கிழமை சாயங்காலம் சத்தத்தை மெழுகுவத்தியோடு துறைமுகத்துக்குக் கொண்டுபோய் மரியாதையாக வழியனுப்பிவிட வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைக்கு ஒரு வீடு மட்டும் பாக்கி இருந்தது. ஜெசிந்தா அக்கா நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"எல்லா வீட்டுக்கும் ரெண்டு மட்டம் போயாச்சு. உன் வீட்டுக்கு ஒரு மட்டம் கூட இல்ல. வந்த விருந்தாளி ஒரு வீட்டை மட்டும் பாக்காமப் போச்சுன்னு இருக்கக் கூடாதுட்டி."

"பிள்ளைக்கு..."

"பிள்ளைக்கு நான் பஞ்சு தாரேன், காதுல வையி" என்று என் பேரை எழுதிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அது வந்தது. வெளியிலிருந்து கேட்டுப் பழகியதுதான் என்று நினைத்திருந்தேன், உள்ளே வந்தபோதுதான் அதற்கு எடை உண்டு என்று தெரிந்தது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன, ஜன்னல் திரை இடுப்பை ஆட்டியது, என் பின்னல் தானாக வலமும் இடமும் போனது. நான் அடுப்படிக்குப் போய், கதவைச் சாத்தி, ஆல்வினை மடியில் வைத்து, அவன் இரண்டு காதையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டேன். கார் போனது, சீப்பு தொலைந்தது, மாமனார் வீட்டு நாய் துரத்தியது, ஊளையிட்டான். பதினேழு நிமிடம். ஆறாவது பாட்டு முடிந்து அந்த இரைச்சல் மட்டும் மிச்சமானபோது, நான் கண்ணைத் திறந்து, இனி இந்த வீட்டில் ஒன்றையும் திருப்பப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

தோசை ஊற்றவில்லை, ரொட்டி தின்றேன். புத்தகம் எடுக்கவில்லை. புரண்டு படுக்காமல் மல்லாந்தே கிடந்தேன். சத்தம் என் வீட்டு முன்னறையில், மரியாதை தெரிந்த விருந்தாளி மாதிரி, இரைந்துகொண்டு காத்திருந்தது.

காலையில் தெரு முழுக்க என் வாசலுக்கு வந்துவிட்டது.

"என்னட்டி, சத்தத்தக் கொன்னுட்டியா?" என்றாள் ஜெசிந்தா அக்கா.

"தூங்குது அக்கா."

"தோசையத் திருப்பு."

"மாவு இல்ல."

"நான் கொண்டாரேன்."

"வேண்டாம் அக்கா."

அக்கா படி இறங்கினாள். "ஒரு அப்பளத்தையாவது திருப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறு மணியைத் தாண்டிவிட்டால் போதும். பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது, மூன்று ஆனது. நாலு மணி வாக்கில் ஆல்வினை முன்னறையில் பாயில் மல்லாக்கப் போட்டுவிட்டுப் பால் பாட்டிலைக் கழுவப் போனேன். அவனுக்கு ஆறு மாதம் நடந்துகொண்டிருந்தது, இன்னும் குப்புற விழவில்லை, அதுவும் எனக்கு ஒரு கவலை. பாட்டிலில் சோப்பு நுரை இருக்கும்போதே முன்னறையில் ஏழாவது பாட்டு தொடங்கியது.

ஓடி வந்தேன். அவன் குப்புற விழுந்து கிடந்தான். ஒரு கை வயிற்றுக்கு அடியில் மாட்டியிருந்தது, தலையை நிமிர்த்திப் பிடித்திருந்தான், முன்தலையில் இருந்த கொஞ்சம் முடி அலை மாதிரி நின்றது. அவன் முகம் சுவரைப் பார்த்திருந்தது, நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். காதைப் பொத்த வேண்டும் என்று என் கைகள் முன்னே போயின, கையெல்லாம் சோப்பு. அப்படியே நின்றுவிட்டேன். கம்பி சுண்டினது, அவன் அசையவில்லை. அந்த ஆள் கத்தினான், ஊளையிட்டான், அவன் அசையவில்லை. "ஆல்வின்" என்றேன். "ஆல்வின்" என்று மறுபடி, சிஸ்டர்மார் பன்னிரண்டு வருஷம் பழக்கிய அந்த மெல்லிய குரலை விட்டுவிட்டு, மீன் விற்கிற மாதிரி கத்தினேன். அவன் சுவரில் ஏறிய எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் மகனுக்குக் காது கேக்காது" என்று நான் சத்தமாகச் சொன்னேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு சத்தம். சொல்ல முடிந்ததே அதனால்தான்.

பிறகு எட்டாவது பாட்டு வந்தது. அதில் ஆரம்பத்தில் வேறு ஒன்றும் இல்லை, அந்த மரப் பீரோவை அறைகிற தப்தடக் மட்டும்தான், தரை அதிர. ஆல்வின் எறும்பை விட்டுவிட்டான். மாட்டியிருந்த கையை இழுத்து வெளியே எடுத்து, உள்ளங்கையைத் தரையில் பதித்தான். காத்திருந்தான். தப்தடக் வந்தது. அவன் வயிறு குலுங்கியது. கையைத் தூக்கித் தரையில் ஒரு அடி அடித்தான். தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விழுந்தது, ஆனால் அடித்தது அதற்குத்தான், தப்பே இல்லை, நான் எட்டு, பத்து, பதினைந்து தடவை எண்ணிப் பார்த்தேன். சிரித்தான். அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்படிச் சிரித்ததில்லை, தொண்டையிலிருந்து, வெட்கமில்லாமல், சத்தமாக.

நான் நைட்டியைச் சுருட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்தேன். வயிற்றை வைத்தேன், நெஞ்சை வைத்தேன், கன்னத்தை வைத்தேன். காதால் கேட்டபோது நான் கேட்காத எத்தனையோ அதில் இருந்தது. பாட்டு முடிந்து பக்கம் முடிந்ததும் அவன் முகம் வாடியது. அவனை மல்லாக்கப் போட்டேன். காலை ஆட்டினான், இடுப்பைத் தூக்கினான், முக்கினான், மறுபடி குப்புற விழுந்தான், முதல் பாட்டு வந்தது. தானே கொண்டுவந்தேன் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தோசை ஒன்றும் தேவைப்படவில்லை.

ஐந்தே காலுக்கு கிளமென்ட் வீடியோவில் கூப்பிட்டார். இந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று நான் போனை வாய்க்குள் வைத்துக்கொள்கிற மாதிரி பிடித்துக் கத்தினேன். "என்னங்க, பேரு சொன்னா அவன் திரும்பல. என்னைக்கும் திரும்பினதில்ல. நான் பொய் சொன்னேன். அவனுக்குக் கேக்கல. இங்க பாருங்க." போனைத் திருப்பிக் காட்டினேன். கப்பலில் அவர் முகம் திரைக்குக் கிட்ட வந்தது. ஆல்வின் தரையை அடித்துக்கொண்டே இருந்தான்.

"இவன் எஞ்சின் கேக்கான்" என்றார் கடைசியில்.

"என்ன?"

"கீழ எஞ்சின் ரூம்ல எங்க யாருக்கும் காது கேக்காது செலின். காதுல அடைப்பான் மாட்டிக்கிட்டுத்தான் நிப்போம். எஞ்சின்ல கோளாறுன்னா கால்லதான் தெரியும். நான் பதினோரு வருஷமா காலால கேட்டுதான் சம்பளம் வாங்குதேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்தார். "டாக்டர்ட்ட கொண்டு போ. காதுக்கு மெஷின் வைக்கணும்னா வைப்போம். இப்ப போனைத் தரையில வையி, நானும் பாக்கேன்."

போனைத் தரையில் வைத்தேன். அது தப்தடக்குக்கு ஏற்ப நடந்து நடந்து கட்டில் காலில் போய் முட்டி நின்றது.

ஆறு மணிக்குக் கதவு தட்டினார்கள். கதவைத் திறந்தேன். தெரு முழுக்க மெழுகுவத்தி, முன்னால் சாமி பதினோரு முடியோடு, பக்கத்தில் ஜெசிந்தா அக்கா நோட்டோடு, பின்னால் மச்சாது அண்ணனும் பவுலின் சித்தியும் சித்தப்பாவும், எல்லா ஆம்பிளைத் தலையிலும் அலை. கதவு திறந்த உடனே சத்தம் கிளம்பியது. ஊளையிடுகிறவன் முதலில் படி இறங்கினான், கம்பி அவன் பின்னால் போனது. தரைக்குள் இருந்த தப்தடக் மட்டும், கனமானது அல்லவா, மெதுவாக நிலைப்படியை நோக்கி நகர்ந்தது. எனக்குப் பின்னால் ஆல்வினின் கை தரையில் வெறுமனே விழுகிற சப்தம் கேட்டது. பிறகு அழுகை.

"அக்கா, போக விடாதிய" என்றேன்.

"என்னட்டி சொல்லுத? ஒன்றரை மாசமா வேண்டாம் வேண்டாம்னு நின்ன, இப்ப..."

"இவனுக்குக் காது கேக்காது அக்கா. தரையில வந்தாத்தான் தெரியுது."

மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. நான் பயந்துகொண்டிருந்தது அந்த ஐயோவுக்கும்தான்.

"எப்பலருந்து தெரியும்?" என்றாள் அக்கா.

"பிறந்ததுலருந்து சந்தேகம். யாருட்டயும் சொல்லல."

"ஆறு மாசமா ஒத்தைக்கு வச்சிக்கிட்டு இருந்திருக்க." அக்காவுக்குக் கோபம் வந்தது. "கூப்பிடுற தூரத்துல நான் இருக்கேன், நான் என்ன செத்தா போனேன்?" என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆல்வின் தரையில் மூக்கு ஒழுக அழுதுகொண்டு, இன்னும் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் மிச்சமிருந்த தப்தடக்கை நோக்கிக் கையை நீட்டி அடித்தான். ஒன்று. இன்னொன்று.

"ஏய், தாளம் பிடிக்கான் பாரு" என்றார் மச்சாது அண்ணன்.

"பிந்தி அடிக்கான்" என்றார் ரொசாரி சித்தப்பா.

"நீரு கோவில்ல அடிக்கித கைத்தாளத்த விட அவன் தேவலாம்" என்றாள் பவுலின் சித்தி.

சாமி தொண்டையைச் செருமினார். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "செலின், திங்கக்கிழம டாக்டரப் பாக்க நானே ஆட்டோ சொல்லுதேன். ஆனா இது போகணும்மா. ராத்திரியிலருந்து திருவருகைக் காலம். தெரு அமைதி காக்கணும்."

ஜெசிந்தா அக்கா நோட்டைச் சாமி கையில் கொடுத்தாள். கையிலிருந்த மெழுகுவத்தியைத் தன் புருஷன் கையில் கொடுத்தாள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள்.

"தெரு காக்கட்டும் சாமி" என்றாள். "இது வீடு."

படி இறங்கி நின்ற ஊளைக்காரனைப் பார்த்து, கோழியைக் கூட்டுகிற மாதிரி கையால் உள்ளே வீசினாள், அவன் கம்பியையும் தகரத்தையும் இழுத்துக்கொண்டு அவள் இடுப்பை ஒட்டி உள்ளே வந்தான். அவள் நைட்டி விரிந்தது. இரண்டு கதவையும் ஒன்றுசேர்த்துத் தோளால் ஒரு அழுத்து அழுத்தி, மேல் தாழ்ப்பாளை ஏற்றினாள். பிறகு குனிந்து கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள்.